இடது விலா, வலது விலா

எங்கள் அப்பா முப்பத்தெட்டு வருஷமாக ஆரே காலனிக்குள் சைக்கிளில் இட்லி விற்கிறார். காலை நாலேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். பின்னால் கேரியரில் ஈரத்துணி சுற்றிய பெரிய அலுமினியப் பாத்திரம். ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சட்னி வாளி, இன்னொரு பக்கம் சாம்பார் வாளி. நடுவில் ஒரு ரப்பர் ஹாரன். மும்பையில் எந்தத் தெருவிலும் அந்த 'பாம் பாம்' சத்தம் கேட்டால் இட்லிக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

சின்ன வயதில் பள்ளி விடுமுறை நாட்களில் சில தடவை அவரோடு போயிருக்கிறேன். தபேலா, அதாவது எருமைத் தொழுவம், தாண்டியதும் வீடே இல்லாத ஒரு இருட்டு வழி வரும். இரண்டு பக்கமும் மரம், புதர். அங்கேயும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போவார்.

"இங்க யாருமே இல்லையேப்பா, எதுக்கு அடிக்கீங்க?"

"இங்க இருக்கிறவுகளுக்கும் தெரியணும்லா, நான் வாரேன்னு."

அங்கே இருக்கிறவர் யார் என்று அப்பா அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கேமரா எனக்கு அதைக் காட்டியது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரே, பால் பண்ணைக்காக 1949இல் உருவான காலனி. எங்கும் தபேலாக்கள். அவற்றுக்கு நடுவே புல்வெளிகள், காடு, காலங்காலமாக அங்கேயே வாழும் வார்லி பழங்குடி மக்களின் பாடாக்கள், அதாவது சின்னக் குடியிருப்புகள். அதை ஒட்டினாற்போல சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, 104 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் போரிவலி, இன்னொரு பக்கம் முலுண்ட், தானே நகரம். உள்ளே துள்சி, விஹார் ஏரிகள், கான்ஹேரி குகைகள். இத்தனை கோடி ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் ஊருக்கு நடுவில் சிறுத்தைகள் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டு வாழ்கிற இடம் இது. நாங்கள் இருப்பது கோரேகாவ் கிழக்கில், பிலிம் சிட்டி போகும் வழியில் ஒரு சாலில், வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்றில். வீட்டிலிருந்து ஆரே நடக்கிற தூரம்.

2004இல் எனக்குப் பதினாலு வயது. 2002லிருந்தே பூங்காவைச் சுற்றி சிறுத்தை தாக்கி ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2004 ஜூன் மாதம் உச்சம். எங்கள் சாலில் அப்போது வீட்டுக்கு வீடு கழிப்பறை கிடையாது. இருட்டினால் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, கையில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டுதான் பொதுக் கழிப்பறைக்குப் போவோம். அப்பா ஐந்து நாள் கடைக்குப் போகவில்லை (அவர் சைக்கிளைக் கடை என்றுதான் சொல்வார்). ஆறாம் நாள் அரிசி வாங்கக் காசு இல்லை. கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை அம்மா வாசல்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகுதான் உள்ளே போனாள்.

அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே மருந்து கூண்டு. கூண்டு வை, பிடி, எங்கேயாவது கொண்டு விடு. இங்கே பிடித்ததை வேறு இடத்தில் விட்டார்கள், வேறு இடத்தில் பிடித்ததை இங்கே கொண்டுவந்தும் விட்டார்கள். பழகிய இடத்திலிருந்து பிடுங்கி எடுத்து, முன்பின் தெரியாத காட்டில் விட்டால் அந்த மிருகம் என்ன செய்யும்? புனே பக்கம் ஜுன்னரில் இதை ஆராய்ந்தவர் வித்யா ஆத்ரேயா. அங்கே சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றுவது அதிகமான பிறகு, வருஷத்துக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள் 17 ஆகிவிட்டன. அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. படித்தபோது, ஐந்து நாள் சாத்தியே கிடந்த எங்கள் கதவுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, கேமராவுக்கு வருகிறேன். அந்தேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். சில வருஷங்களுக்கு முன், வனத்துறை அனுமதியோடு ஆரேயில் நடந்த ஒரு சிறுத்தைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனேன். அப்புறம் விடவே முடியவில்லை.

கேமரா ட்ராப் என்ற பெயரைக் கேட்டு ஏதோ பொறி என்று நினைக்க வேண்டாம். சின்ன டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். உள்ளே ஒரு உணரி. சுற்றுப்புறத்தின் சூட்டிலிருந்து வேறுபட்ட ஓர் உடம்பு முன்னால் நகர்ந்தால் தானாகப் படம் எடுக்கும், தேதியும் நேரமும் பதியும். மரத்தில் முழங்கால் உயரத்தில் பட்டை போட்டுக் கட்டுவோம். சிறுத்தையின் தோள் உயரத்துக்கு அதுதான் சரி. கிழக்கு, மேற்கு பார்த்துக் கட்டினால் வெயில் நேராக விழுந்து வீண் படங்கள் விழும். முன்னால் ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தால் போச்சு, சூடேறிய புல் காற்றில் ஆட ஆட ஒரே நாளில் கார்டு நிரம்பிவிடும். ஒரு தடவை மூவாயிரம் படத்துக்கு மேல் பார்த்தேன், அத்தனையும் ஒரே புல். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே சிலிக்கா பொட்டலம் போட வேண்டும். எல்லாம் கட்டி முடித்ததும், எங்களில் ஒருவர் நாலு காலில் அதன் முன்னால் தவழ்ந்து போவோம். விளக்கு மினுக்கினால் சிறுத்தை உயரத்தில் வருவதை அது பார்க்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு இடத்துக்கு இரண்டு கேமரா வேண்டும். பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சிறுத்தையின் உடம்பில் இருக்கும் பூப்பூவான புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி, நம் கைரேகை போல. ஆனால் ஒரே சிறுத்தையின் இடது விலாவும் வலது விலாவும் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கப் படம் மட்டும் கிடைத்தால், நேற்று இடது விலா காட்டியதும் இன்று வலது விலா காட்டியதும் ஒரே ஆளா, இரண்டு பேரா என்று சொல்லவே முடியாது. இரண்டு கேமராவும் ஒரே நொடியில் எடுத்தால்தான் இந்த இடதுக்கு இந்த வலது என்று ஜோடி சேரும். அவற்றையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது, ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் கண்ணைக் கூசும். கொஞ்சம் தள்ளித்தான் கட்டுவோம்.

நான் கட்டிய முதல் ஜோடி தவறான இடத்தில் இருந்தது. ஒரு பாடாவுக்குப் பின்னால், ஒற்றையடிப் பாதையில். எங்களோடு வந்த வனக்காவலரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேறு பக்கம் போயிருந்தார். அந்த நேரம் ஒரு வார்லி மூதாட்டி வந்து, இடுப்பில் கைவைத்து நின்று கேட்டார்: "நாங்கள் காலையில் ஒதுங்கப் போகும் வழியில் எதுக்கும்மா கண்ணை வைக்கிறே?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தகர டப்பா தட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டாமா? "மன்னிச்சிடுங்க மாவ்ஷி" என்று அங்கேயே அவிழ்த்தேன். அவரே கையைப் பிடித்து இருநூறு அடி தள்ளிக் கூட்டிப்போய் ஒரு வளைவைக் காட்டினார். பக்கத்தில் செந்தூரம் பூசிய ஒரு கல். வாகோபா. புலியையும் சிறுத்தையையும் காக்கிற, அவற்றிடமிருந்து தங்களையும் காக்கிற தெய்வமாக வார்லி மக்கள் கும்பிடுவது. "அது போற வழி இது. நாங்க போற வழி அது" என்றார். அங்கே கட்டிய ஜோடியில்தான் அந்தக் கணக்கெடுப்பில் எனக்குக் கிடைத்த நல்ல படங்களில் பாதி விழுந்தன. மனிதர்கள் விழும் படங்களை வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது, பார்த்ததும் அழித்துவிட வேண்டும். எங்கள் குழுவில் அது கறாரான விதி. அந்த மாவ்ஷி கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு யாரும் அதைச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

எட்டாம் நாள் வேறொரு இடத்தில் இரண்டு கேமராவையும் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டை மட்டும் மரத்தில் தொங்கியது. கேமராவைவிட உள்ளேயிருந்த கார்டுதான் மனசைக் கஷ்டப்படுத்தியது. அந்த வழியில் அந்த எட்டு இரவும் யார் போனார்கள் என்பது போயே போய்விட்டது.

கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரி உட்காருவேன். புள்ளி ஒப்பிடுவது பொறுமையான வேலை. நிறத்தையோ உருவத்தையோ நம்பக் கூடாது, வயிறு நிறைந்திருந்தால் ஒரு மாதிரி, பட்டினி கிடந்தால் ஒரு மாதிரி. புள்ளிதான் சாட்சி. இடது தொடைக்கு மேலே அடுப்புக்கல் மாதிரி மூன்று புள்ளி, அதற்கு முன்னால் உடைந்த வளையல் துண்டு போல ஒரு வளைவு, அதன் கீழே தனியாக ஒரு நீட்டுக் கோடு. இப்படி மூன்று இடமாவது ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று எழுதுவோம்.

ஒரு நாள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். மாவு ஆட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா பின்னால் நின்று பார்த்தாள்.

"இது வேறல்லா."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"இதுல நேர்புள்ளி, அதுல ஊடுபுள்ளி. இங்க பாரு, ரெண்டு பூவுக்கு நடுவுல ஒண்ணு வந்து நிக்குது. அதுல அது இல்லையே."

ஐம்பது வருஷம் கோலம் போட்ட கண். அம்மா சொன்னதுதான் சரி, அவை இரண்டு தனித்தனிச் சிறுத்தைகள். அதற்கப்புறம் சந்தேகம் வந்தால் அம்மாவைத்தான் கூப்பிடுவேன்.

படத்தை எண்ணினால் சிறுத்தையை எண்ணியதாகாது. நூறு படம் விழுந்திருக்கும், இருப்பது மூன்று சிறுத்தையாக இருக்கும். அப்பாவின் வியாபாரத்தை வைத்துச் சொல்கிறேன். தினமும் நாற்பது பேர் இட்லி வாங்குகிறார்கள், பத்து நாளும் அதே நாற்பது முகம் என்றால் அந்த வழியில் வாங்குகிற ஆட்கள் அநேகமாக அவ்வளவுதான். தினமும் பாதிப்பேர் புதுமுகம் என்றால், இன்னும் வராத ஆள் நிறைய இருக்கிறார்கள். அதுபோல, கேமராவில் பார்த்த முகமே எவ்வளவு அடிக்கடி, எந்தெந்த இடத்தில் திரும்ப வருகிறது என்பதை வைத்துத்தான் படத்தில் விழாதவற்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் புலிகளின் வரிகளை வைத்து இப்படித்தான் செய்து காட்டினார். இங்கே பூங்காவிலும் ஆரேயிலும் 2015இல் இந்த முறையில் 35 சிறுத்தைகள் தெரிந்தன, 2018இல் 47, 2024இல் 54.

பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் போடுகின்றன. எனக்கு எண் பெரிதில்லை. ஒவ்வொன்றும் இன்னது என்று தெரிவதுதான் பெரிது. அஜோபாவை எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தியில் தாத்தா என்று அர்த்தம். 2009இல் அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த ஒரு வயதான ஆண் சிறுத்தையைத் தூக்கி, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, மால்ஷேஜ் மலையில் விட்டார்கள். அது ரயில் பாதையையும் பெரிய நெடுஞ்சாலைகளையும் தாண்டி, வசாய் கழிமுகத்தை நீந்தி, ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நடந்து நம் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஒருவரையும் தொடவில்லை. 2011 டிசம்பரில் வண்டி மோதி இறந்து கிடந்தபோது உடம்பிலிருந்த சிப்பை வைத்துத்தான் அது அஜோபா என்று கண்டுபிடித்தார்கள். அது தெரிந்திருக்காவிட்டால், ரோட்டில் செத்த ஒரு சிறுத்தை என்று ஒரு வரியில் முடிந்திருக்கும்.

2021 செப்டம்பர், அக்டோபரில் ஆரேயில் அடுத்தடுத்துத் தாக்குதல். அப்போது முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கேமரா ட்ராப் வைத்து எது என்று தேடியது. கூண்டில் ஆட்டைக் கட்டி வைத்தால் யாரையும் தொடாத ஒரு தாய்ச் சிறுத்தைகூட வந்து விழலாம். அதைக் கொண்டுபோய் அடைத்துவிட்டால் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைப்பார்கள், தாக்கியது வெளியே இருக்கும். இடது விலாவும் வலது விலாவும் முன்கூட்டியே நம்மிடம் இருந்தால்தான் இது அதுவா இல்லையா என்று சொல்ல முடியும். 2022 தீபாவளி அன்று ஆரேயில் ஒரு கைக்குழந்தை போனது. அந்த வீட்டு வலிக்கு முன்னால் எந்தக் கணக்கும் நிற்காது. ஆனால் அடுத்த குழந்தைக்கு அது நடக்காமல் இருக்க, சரியான சிறுத்தையைப் பிடிக்க வேண்டும், விளக்கு போட வேண்டும், வீட்டுக்குள் கழிப்பறை வேண்டும், குப்பையை அள்ள வேண்டும். குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். பூங்காவின் சிறுத்தைகள் வருஷத்துக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்னும் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். வாகோபா வளைவின் கார்டு. 4:38க்கு ஒரு சிறுத்தை, இடமிருந்து வலமாக, தலையைத் தாழ்த்தி நடந்து போகிறது. அடுத்த படம் 4:46. ஒரு சைக்கிள் சக்கரம், சாம்பார் வாளி, வேட்டியை மடித்துக் கட்டிய கால், ஹாரன் மேல் ஒரு கை. முகம் தெரியவில்லை, முழங்கால் உயரத்தில் இருக்கும் கேமராவுக்கு முகம் எட்டாது. ஆனால் அந்தக் கட்டைவிரல் நகம் எனக்குத் தெரியும், கிரைண்டரில் நசுங்கியது. அதற்கு அடுத்த படம் 4:49. சிறுத்தை மறுபடியும், இந்தத் தடவை வலமிருந்து இடமாக.

உள்ளங்கை வேர்த்துவிட்டது. இரண்டு கேமராவின் படங்களையும் எடுத்து ஒப்பிட்டேன். 4:38இன் இடது விலா, 4:49இன் இடது விலா. அடுப்புக்கல், வளையல் துண்டு, நீட்டுக் கோடு. வலதுக்கு வலது. அம்மாவைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை, நானே நாலு தடவை பார்த்தேன். அதேதான். நாங்கள் ஏற்கெனவே எண் கொடுத்து வைத்திருந்த ஒரு பெண் சிறுத்தை. முன்னால் போய்க்கொண்டிருந்தது, ஹாரன் கேட்டிருக்கிறது, புதருக்குள் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறது, அப்பா தாண்டி மூன்று நிமிஷம் கழித்துத் திரும்பி வந்த வழியே போயிருக்கிறது.

4:46 படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலை செய்வதை யாரும் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. விதி விதிதான். அழித்தேன்.

இரண்டு மணிக்கு அப்பா எழுந்து இட்லித் தட்டில் துணி விரிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். மாவு ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"ஆணா, பொட்டையா?"

"பொட்டைப்பா."

"குட்டி இருக்கா?"

"தெரியல."

மூன்று வாரம் கழித்து அதே வளைவில் தெரிந்தது. அதே அடுப்புக்கல் புள்ளி, பின்னால் வாலைப் பிடிக்கிற தூரத்தில் இரண்டு குட்டிகள். கணக்கெடுப்பு முடிந்து கேமராக்களை அவிழ்க்கும்வரை பொறுத்திருந்து, அதற்கப்புறம் அப்பாவிடம் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனேன். வளைவுக்கு வெகு தூரம் முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கி, நின்று, மூன்று தடவை ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"என்னப்பா, இங்கேயே அடிக்கீங்க?"

"குட்டிகளையும் கூட்டிட்டு ஒதுங்கணும்லா, ஏளா. நேரம் வேணும்."